என் கோட்டுல தப்பு இல்ல

கருவாட்டு வாடை அடிக்கா அண்ணாச்சி? சும்மா சொல்லுங்க, அதுக்கு எதுக்கு ஜன்னல் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்கிய. பைய இந்தக் கால்மாட்டுல தள்ளி வச்சுக்கிடுதேன். வேண்டாம்னு சொன்னா கேக்காது அந்தப் பொம்பள. வருஷாவருஷம் இப்படி ஒரு பை கட்டி, கையில திணிச்சுத்தான் பஸ் ஏத்தும். எங்க வீட்ல கருவாடு திங்க ஆளே கெடையாது. அத எப்படி அதுகிட்டச் சொல்ல?

சொந்தக்காரங்களான்னா, இல்ல. நான் தென்காசிக்காரன். பேரு குற்றாலிங்கம், பேரக் கேட்டாலே ஊரு தெரிஞ்சிரும். கடலக் கண்ணால பாத்ததே பதினேழு வயசுலதான். அப்படிப்பட்டவன் கப்பல்ல இருபத்திரெண்டு வருஷம் இருந்தேன்னா பாத்துக்கிடுங்க. செகண்ட் ஆபீசர் வரைக்கும் வந்தேன். இன்னைக்குப் பெரியதாழையில ஒரு நெனவுப் பூசை. கஸ்பார்னு ஒருத்தன், என்கூடக் கப்பல்ல சுக்கான் பிடிச்சவன். மாசி மாசம் செத்தான். பதினேழு வருஷம் ஆச்சு. கருவாடு குடுத்தது அவன் பொண்டாட்டி, ஜெனோவா.

எப்படிச் செத்தான்னு சொல்லுததுக்கு முன்ன ஒண்ணு சொல்லிருதேன் அண்ணாச்சி. என் கோட்டுல தப்பு இல்ல. நான் சொல்லல, விசாரணையில எழுதியே குடுத்துட்டாவ. செகண்ட் ஆபீசர் போட்ட பாதை பாதுகாப்பான பாதைதான்னு. அந்தக் காயிதம் வீட்ல பீரோவுல இருக்கு.

கோடுன்னா என்னன்னு பாக்கிய. கடலுக்கும் மேப்பு உண்டு அண்ணாச்சி, சார்ட்டுன்னு சொல்லுவோம். ஒரு கதவு அகலத்துக்கு இருக்கும் ஒவ்வொண்ணும். எந்த எடத்துல எத்தனை மீட்டர் ஆழம், எங்க பாறை, எங்க லைட் ஹவுஸ், எங்க எப்பவோ முங்குன கப்பல் கெடக்கு, எல்லாம் பொடிப்பொடியா எழுதியிருக்கும். கப்பல் கெளம்புததுக்கு முன்னாடியே இந்தத் துறைமுகத்துலேருந்து அந்தத் துறைமுகம் வரைக்கும் எப்படிப் போகணும்னு அதுல பென்சிலால கோடு போடணும். எங்க திரும்பணும், எங்க வேகத்தக் கொறைக்கணும், எந்த எடத்துக்குக் கிட்டயே போகக்கூடாது, அத்தனையும் முன்கூட்டியே முடிவு பண்ணிரணும். போகக்கூடாத எடத்துக்குக் குறுக்குக் கோடு கிழிச்சு அடைச்சிருவோம். இந்த வேலையெல்லாம் செகண்ட் ஆபீசருக்கு. கேப்டன் பாத்துக் கையெழுத்துப் போடுவாரு.

இது மட்டும் போதாது. கடல் அப்படியே இருக்காதுல்லா. எங்கயாவது ஒரு லைட் அணைஞ்சிரும், எங்கயாவது ஒருத்தன் புதுசா ஒரு பாறையக் கண்டுபிடிப்பான். அதெல்லாம் வாராவாரம் ஒரு புத்தகமா அச்சடிச்சு வரும். வந்ததும் அதப் படிச்சு, சார்ட்டுல அந்தந்த எடத்துல ஊதா மையால ஏத்தணும். ஏத்திட்டுக் கீழ இடது கை மூலையில அந்த நம்பரக் குறிக்கணும். பொடி வேலை. கண்ணு போயிரும். மத்தவனெல்லாம் துறைமுகத்துல எறங்கி ஊர் சுத்துவான், நான் ஒக்காந்து ஊதா மைப் பேனாவால புள்ளி வச்சுக்கிட்டு இருப்பேன். என் சார்ட்ட எடுத்துப் பாத்தா ஒத்திக்கிடலாம் கண்ணுல. ஒரு கசங்கல் இருக்காது.

கப்பல் பேரு கமலரேகா. சின்னக் கப்பல்தான், பழசு. தூத்துக்குடியில சரக்கு ஏத்திக்கிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போறோம். இருபத்திரெண்டு பேரு. பதினோரு சார்ட்டு வேண்டியிருந்துது அந்தப் பயணத்துக்கு. பதினொண்ணையும் எடுத்து மேசையில போட்டு, புத்தகம் புத்தகமாப் பாத்து, எல்லாத்தையும் சரி பண்ணி, அப்புறம் கோடு போட்டேன். வழியில ஒரு தீவு. பேரு வேண்டாம் அண்ணாச்சி, நான் அந்தப் பேரச் சொல்லுததில்ல. தீவச் சுத்திப் பாறை. அதனால பதினஞ்சு மைல் தள்ளிப் போட்டேன் கோட்ட. அஞ்சு மைல் போதும்தான். ஆனா எனக்குப் பதினஞ்சு இருந்தாத்தான் தூக்கம் வரும். நம்ம சுபாவம் அப்படி.

கஸ்பாரும் நானும் ஒரே ஷிப்டு. மத்தியானம் பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும், ராத்திரியும் அதே மாதிரி. அவன் சுக்கான் பக்கத்துல நிப்பான், நான் சார்ட்டு மேசைக்கிட்ட. எட்டு மணி நேரம் ஒரு நாளைக்கு. கட்டுன பொண்டாட்டிகூடக்கூட அவ்வளவு நேரம் யாரு பேசுதா? அவந்தான் பேசுவான், நான் கேப்பேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சு ஜெனோவா உண்டாயிருந்துது. கோவில் கோவிலா நேந்து உண்டானது. நாங்க கெளம்பி நாலாம் நாளு கம்பெனியிலேருந்து தகவல் வந்துது, பொம்பளப்புள்ள பொறந்திருக்கு, தாயும் புள்ளையும் சொகம்னு. ரேடியோக்காரன் அத ஒரு துண்டுக் காயிதத்துல எழுதிக் குடுத்தான். அந்தக் காயிதத்த எத்தனை தடவ படிச்சிருப்பாம்னு நெனைக்கிய! மடிச்சு மடிச்சு எழுத்தே அழிஞ்சு போச்சு.

அப்பல்லாம் கப்பல்லேருந்து வீட்டுக்குப் பேசுததுன்னா லேசு கெடையாது. சாட்டிலைட் போன் ஒண்ணு இருக்கும், கம்பெனி விஷயத்துக்கு மட்டும்தான். கரைக்குக் கிட்டப் போனா நம்ம கைபோன்ல டவர் எடுக்கும். அவ்வளவுதான். அந்தத் தீவுல புதுசா ஒரு டவர் போட்டிருக்கான்னு யாரோ இவன்கிட்டச் சொல்லிட்டான்.

அன்னைக்கு மத்தியானம் வந்து மெதுவா ஆரம்பிக்கான்.

"சார், நாளைக்குச் சாயங்காலம் தீவுப் பக்கமாப் போறோம்லா?"

"பக்கமா இல்ல. பதினஞ்சு மைல் தள்ளி."

"பதினஞ்சு மைல்ல டவர் எடுக்குமா சார்?"

"எடுக்காது."

"கொஞ்சம் உள்ள வச்சுப் போட்டா?"

"ஏலே, இது என்ன மினி பஸ்ஸா, கையக் காட்டுனா ஒதுக்கி நிறுத்த? கோடு கோடுதான்."

"சரி சார்"னுட்டான். அப்புறம் முன்னப் பாத்துக்கிட்டே சொல்லுதான், "புள்ள எப்படி அழுதுன்னு ஒருக்காக் கேக்கணும் போல இருக்கு சார்"னு.

"ஊருக்குப் போயிக் கேளு. பச்சப்புள்ள அழுகையெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்"னேன்.

எங்களுக்குப் புள்ள கெடையாது அண்ணாச்சி. அத நெனச்சு நான் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

அவன் அத்தோட விடல. என்னத் தாண்டிக் கேப்டன்கிட்டப் போயிட்டான். இது முறையா, சொல்லுங்க? என் ஷிப்டுல நிக்கவன். எனக்குத் தெரியாம போயிருக்கான். மறுநாள் மத்தியானம் நான் வேலைக்கு ஏறுன அரை மணி நேரத்துல கேப்டன் வாராரு. தாணுமாலயன்னு பேரு, சுசீந்திரத்துக்காரரு. நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. வாயில எப்பவும் ஒரு கிராம்பு கெடக்கும். வந்தாரு, கிராம்ப ஒதுக்கிக்கிட்டு, அடுக்குலேருந்து அந்தத் தீவுக்குன்னே இருக்க தனி சார்ட்ட உருவுனாரு. என்னோட பதினொண்ணுல அது கெடையாது. நாமதான் அந்தப் பக்கமே போகலையே. மேசையில விரிச்சாரு. என் சார்ட்டுல ரப்பர் வச்சு என் கோட்ட அழிச்சாரு. ரெண்டே இழுப்பு. ஒரு வார்த்தை கேக்கல. அவரே ஸ்கேல் வச்சுத் தீவுச் சார்ட்டுல புதுசா ஒண்ணு போட்டாரு, தீவுக்குத் தெக்க ரெண்டு மைல்ல.

நான் பாத்துக்கிட்டே நிக்கேன். மூஞ்சி செத்துப் போயிருக்கும்போல. அவரு சொல்லுதாரு, "என்னவே செகண்ட், உம்ம கோட்டுல கப்பல் நல்லாப் போகும்வே. உள்ள இருக்க மனுசந்தான் போக முடியாது"ன்னு.

கஸ்பாரு சிரிச்சான்.

சத்தமாச் சிரிக்கல. முன்னப் பாத்துக்கிட்டு, மூக்கால ஒரு சிரிப்பு. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு வருஷம் என்கூட நின்னவன். அவன் அம்மைக்குக் கண்ணு ஆபரேஷன்னப்ப லீவு வாங்கிக் குடுத்தவன் நான். சிரிச்சான்.

கேப்டன் கேட்டாரு, "எதாவது சொல்லணுமாவே? கோணல் மாணல் இருந்தாச் சொல்லும்."

"ஒண்ணுமில்ல சார். உங்க கோடு. நீங்க பாத்தாச் சரி"ன்னேன்.

"உம்ம சார்ட்டுதானவே. நீரு வச்சிருக்க சார்ட்டுல நான் என்னத்தப் பாக்க"ன்னு சொல்லிட்டுத் தோள்ல ஒரு தட்டுத் தட்டிட்டு எறங்கிப் போயிட்டாரு.

அதையும் சொன்னாருதான். இப்பச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருது. அன்னைக்கு என் காதுல முன்ன சொன்னது மட்டும்தான் இருந்துது.

எனக்கு ஒண்ணு சொல்ல இருந்துது அண்ணாச்சி. வாய் வரைக்கும் வந்துது. என்னதுன்னா… அதுக்கு வாரேன். முன்ன பின்ன சொன்னா ஒங்களுக்கு வெளங்காது.

நாலு மணிக்கு சீப் ஆபீசர் வந்தாரு. திசை இது, வேகம் இது, புதுக் கோடு கேப்டன் போட்டதுன்னு சொல்லி ஒப்படைச்சேன். அவரு வேற ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல. கீழ எறங்கி வாரப்ப கஸ்பாரு கண்ணாடி முன்னால நின்னு சவரம் பண்ணிக்கிட்டு இருக்கான். போன்ல பேசுததுக்கு எதுக்குலே சவரம்னா, சிரிக்கான். பெட்டியிலேருந்து புதுச் சட்டை எடுத்துப் போட்டிருக்கான், மஞ்சள்ல கட்டம் போட்டது.

"சார், நீங்களும் முன்னால வாங்க. அம்மாவுக்கு ஒரு போன் போடலாம்லா"ங்கான். எங்க வீட்டம்மாவச் சொல்லுதான்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டேன்.

கடல் அன்னைக்கு எண்ணெய ஊத்துனாப்ல கெடந்துது. அதுதான் வினை. கொஞ்சம் அலை இருந்தாப் பாறை இருக்க எடத்துல நுரை அடிக்கும், தூரத்துலயே கண்டுரலாம். அன்னைக்கு நுரையும் இல்ல ஒண்ணும் இல்ல. நாங்க மேக்கப் பாத்துப் போறோம், வெயிலு நேரக் கண்ணுல. தண்ணிக்கு என்ன நெறம்னு யாருக்குத் தெரியும்? ஜிபிஎஸ் இருந்துதேன்னு கேப்பிய. இருந்துது. அது நீ எங்க நிக்கன்னு சொல்லும். உன் காலுக்குக் கீழ என்ன கெடக்குன்னு சொல்லாது. அத சார்ட்டுதான் சொல்லணும்.

ரூம்புல டீய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். குடிக்கல. அஞ்சேகாலுக்கு மேல இருக்கும், எந்திரிச்சுச் செருப்ப மாட்டுனேன். மேல போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்னு. சத்தியமாச் சொல்லுதேன், மாட்டுனேன். அப்புறம் கட்டில் வெளும்புல ஒக்காந்துட்டேன். போயிச் சொன்னா, 'என்னவே, உம்ம கோட்ட அழிச்சதுக்கா இப்பம் வந்து சொல்லுதீரு'ன்னு அவரு இன்னொருக்கா எதாவது சொல்லுவாரு. நாலு பேரு சிரிப்பான். அவருக்கு முப்பது வருஷ அனுபவம். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது? அப்படி நெனச்சுக்கிட்டு, ஒரு கால்ல செருப்பு மாட்டுனது மாட்டுனபடி இருக்கேன்.

அஞ்சே முக்கால். ஒரு லாரி ஜல்லியத் தட்டுனா எப்படிச் சத்தம் வரும்? காலுக்கு அடியில அப்படி ஒரு சத்தம். டீ கவுந்து எம்மேல ஊத்திச்சு. கப்பல் ஒருக்கா எக்கி, அப்படியே நின்னுட்டுது.

கஸ்பாரு முன் முனையில நின்னிருக்கான். கம்பிமேல ஒரு கால வச்சு ஏறி, போன ஒசரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. முன்னாலதான் டவர் முதல்ல எடுக்கும்னு. நாலஞ்சு பேரு அங்க நின்னாங்க, எல்லாரும் தளத்துல விழுந்தாங்க, சிராய்ப்போட போச்சு. இவன் மட்டும் வெளிய போயிட்டான். ஆழமான தண்ணியா இருந்தா நீந்தி வந்திருப்பான் அண்ணாச்சி. பெரியதாழைக்காரனுக்கு நீச்சல் சொல்லணுமா? கீழ பாறைல்லா. போட்ட எறக்கி அவனத் தூக்குதப்ப உசிரு இருந்துது. மஞ்சச் சட்டை தண்ணிக்கு மேல பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நின்னதால சட்டுனு கண்டுபிடிச்சாங்க. எதோ சொல்ல வந்தான். போட்டுல நானும் இருந்தேன், என்னையப் பாத்து இல்ல, சும்மா மேல பாத்தான். கப்பல் ஏணிக்கு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

கப்பல் பாறையில மோதுததுக்கு ஒரு நிமிஷம் முன்னாலதான் அவனுக்கு லைன் கெடச்சிருக்கு.

ஜெனோவா சொன்னது இது. போன் அடிச்சிருக்கு, எடுத்திருக்கு. "ஏ ஜெனோவா, கேக்கா"ன்னு கத்துதான். காத்து இரைச்சல். "கேக்கு, கேக்கு"ன்னு இது சொல்லுது. "புள்ளைய அழவிடு, புள்ளைய அழவிடு"ங்கான். புள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. இது எழுப்பித் தொடையில கிள்ளியிருக்கு. புள்ள வீல்னு அழுதிருக்கு. போன அது வாய்கிட்டக் கொண்டு போயி வச்சிருக்கு. எடுத்துக் காதுல வச்சா லைன் இல்ல. அவன் கேட்டானா கேக்கலையான்னு தெரியாது. முதல் வருஷம் போனப்ப என்கிட்டக் கேட்டுது, "நீங்க பக்கத்துல நின்னீங்களாண்ணே? அவுக மூஞ்சி எப்படி இருந்துது?"ன்னு. நான் ரூம்புல இருந்தேம்மான்னு சொன்னேன். அப்புறம் அது கேக்கவே இல்ல.

தீவுக்காரங்க தோணியப் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க, நல்ல சனங்க. அடியில ஓட்டை, தண்ணி ஏறுது, எல்லாரும் எறங்குங்கன்னு கேப்டன் சொல்லிட்டாரு. ஆளாளுக்குப் பாஸ்போர்ட்ட எடுக்கான், பெட்டிய எடுக்கான். நான் என்ன எடுத்தேன் தெரியுமா? என் சார்ட்ட. நான் கோடு போட்டிருந்த சார்ட்ட. ரப்பர் வச்சு அழிச்சிருந்தாலும் பென்சில் தடம் போகல, நல்லாத் தெரியுது. சுருட்டிச் சட்டைக்குள்ள செருகிக்கிட்டேன். எல்லாரும் பதறிக்கிட்டு நிக்க நேரத்துல எனக்கு அந்த யோசனை வந்துது பாத்தியளா! அது மட்டும் இல்லன்னா அன்னைக்கு நான் எங்க நின்னிருப்பேன்? தீவுச் சார்ட்டு மேசையிலயே கெடந்துது. அத நான் எடுக்கல. அது என் கோடு இல்லையே. மூணாம் நாளு கப்பல் பாறையிலேருந்து சரிஞ்சு முங்கிப் போச்சு, அதோட எல்லாம் போச்சு.

விசாரணை எட்டு மாசம் நடந்துது. என்னைய ஒரு மத்தியானம் கூப்பிட்டாவ. என் சார்ட்ட விரிச்சு வச்சுக் காட்டுனேன். இந்தக் கோட்டுல போயிருந்தா ஆபத்து உண்டான்னு ஒரு அதிகாரி கேட்டாரு. இல்லன்னேன். நல்லாப் போட்டிருக்கீங்கன்னு சொன்னாரு. அந்த வார்த்தையச் சொன்னாரு அண்ணாச்சி.

கேப்டன்கிட்டக் கேட்டாவ, அந்தப் பாறையப் பத்தி அறிவிப்பு வந்திருக்கே, சார்ட்டுல ஏன் ஏத்தலன்னு. அவரு எந்திரிச்சு நின்னு, "கீழ மூலையில நம்பரப் பாத்துட்டு நான் கோடு போட்டிருக்கணும். பாக்கல. அது என் பொறுப்பு"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. செகண்ட் ஆபீசர்கிட்டக் கேட்டேன், அவரு ஒண்ணுமில்லன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நாலடி தள்ளித்தான் நான் ஒக்காந்திருக்கேன். ஒருக்காகூட என் பக்கம் திரும்பல. எனக்கு அது ஒரு மாதிரிதான் இருந்துது. அப்படி என்ன நான் செஞ்சுட்டேன் திரும்பிப் பாக்காம இருக்க? அவரு லைசென்ஸ் போச்சு. ரெண்டு வருஷத்துல மாரடைப்புல போயிட்டாரு. துட்டி கேக்கப் போகணும்னு நெனச்சேன். போகல.

என்ன கேட்டிய? பஸ் எரைச்சல்ல காதுல விழல.

ஆமா. அறிவிப்பு வந்திருந்துது.

படிச்சிருந்தேன். படிக்காம எப்படி? ஒரு வரி விடாமப் படிக்கவன் நான். முந்தின மாசம் வந்த புத்தகம். இன்ன தீவுக்குத் தென்மேற்க ரெண்டு மைல்ல, நாலு மீட்டர் ஆழத்துல பாறை இருக்கதா ஒரு கப்பல்காரன் சொல்லியிருக்கான்னு போட்டிருந்துது. நம்ம கப்பல் ஏழு மீட்டர் முங்கும். ஆனா அது அந்தத் தீவோட தனிச் சார்ட்டுல ஏத்த வேண்டியது அண்ணாச்சி. போற பயணத்துக்கு உள்ளத முதல்ல ஏத்து, மத்ததெல்லாம் நேரம் கெடைக்கும்போது ஏத்து, அதுதான் முறை. யாரக் கேட்டாலும் இதான் சொல்லுவான். பதினொண்ணையும் நான் ஏத்திட்டேன். அது என் பதினொண்ணுல இல்ல. முறைப்படி நான் செஞ்சது சரி.

கேப்டன் அந்தச் சார்ட்ட விரிச்சப்ப ஞாபகம் வந்துதான்னு கேக்கிய.

வந்துது. அதத்தான் சொல்ல வாயெடுத்தேன். 'தென்மேற்க ஒரு பாறை இருக்கு சார்'. அஞ்சு வார்த்தை. அப்பத்தான அவரு அப்படிச் சொன்னாரு, இவன் சிரிச்சான். அவங்க சிரிக்காம இருந்திருந்தாச் சொல்லியிருப்பேன்.

அதுக்கப்புறம் நான் கப்பல் ஏறல. தூத்துக்குடியிலயே ஒரு ஆபீசுல சரக்குக் கணக்குப் பாத்துக்கிட்டு ஓட்டிட்டேன். ஆனா வருஷம் தவறாம இந்தப் பூசைக்கு வந்துருவேன். கப்பல்ல இருந்தவன்ல வேற ஒருத்தன் வரது கெடையாது. முதல் ரெண்டு வருஷம் நாலு பேரு வந்தாங்க, அப்புறம் நின்னு போச்சு. நான் மட்டும்தான். ஊர்ல எல்லாருக்கும் என்னையத் தெரியும். 'கப்பல் மாமா வந்துட்டாவ'ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் புள்ளதான் முதல்ல அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சது.

அன்சிலான்னு பேரு. பதினேழு வயசாச்சு. அன்னைக்கு வீல்னு அழுத புள்ள. அப்பன் சாடை அப்படியே இருக்கு, மூக்கும் அதேதான். இன்னைக்குப் பூசை முடிஞ்சு சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கெளம்புதேன். நான் கொண்டு விடுதேன் மாமான்னு பையத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்துது. ஸ்டாப்பு வந்ததும் கேக்குது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அந்த எடத்துல பாறை இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா மாமா?"

அதிகாரி கேக்கல, வக்கீல் கேக்கல, கேப்டன் கேக்கல, பெத்தவ கேக்கல. பதினேழு வருஷம். பச்சப்புள்ளையா அழுத அது வளந்து வந்து கேக்கு.

"தெரியாதும்மா"ன்னேன்.

"அம்மாவும் அதாம் மாமா சொல்லும். மாமா ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா அப்பாவ விட்டிருக்க மாட்டாவன்னு. ஸ்கூல்ல ஒருத்தி என்னமோ சொன்னா, அதான் கேட்டேன். தப்பா நெனச்சுக்கிடாதிய"ன்னு சொல்லிட்டு, இந்தப் பைய என் கையில குடுத்துது. பஸ் கெளம்புத வரைக்கும் நின்னு கையாட்டுச்சு. நீங்களும் பாத்திருப்பிய, பச்சத் தாவணி.

இப்பம் நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அது என்ன கேட்டுது? 'ஒங்களுக்கு'ன்னு கேட்டுது. ஒங்களுக்குன்னா கப்பல்ல இருந்த அத்தனை பேருக்கும்னுதான அர்த்தம்? அத்தனை பேருக்கும் தெரியாதுதானே? அந்த அர்த்தத்துலதான் நான் சொன்னேன். தெரியாதுன்னு. அதுல பொய் என்ன இருக்கு?

மரியாதைக்கும் அப்படித்தான் கேப்பாங்கங்கிய. அதுவும் சரிதான்.

இருக்கட்டும். நான் தெரியும்னு சொன்னா என்ன நடக்கும்? செத்தவன் வரப்போறானா? அந்தப் பொம்பளைக்கு வருஷத்துல ஒரு நாளு, புருஷன்கூட இருந்த ஒருத்தன் வந்து ஒக்காந்து சாப்பிட்டுப் போறான்னு ஒரு நெனப்பு இருக்கு. அதையும் பிடுங்கணுமா? அதுக்காகத்தான் சொல்லல. எனக்காக இல்ல.

திருச்செந்தூர் வந்துட்டுதா? பத்து நிமிஷம் போடுவான் இங்க. நீங்க எறங்கி டீ குடிக்கதுன்னாக் குடிங்க.

வேண்டாமா. நான்பாட்டுக்குப் பேசிட்டேன். யாருகிட்டயும் இவ்வளவு தூரம் சொன்னது கெடையாது, வீட்டம்மாகிட்டக்கூட. ஒங்க பேருகூட எனக்குத் தெரியாது, ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லல.

அந்தா எதுத்தாப்ல ஒரு பஸ் நிக்கே, அது எங்க போறது? கண்ணாடி எடுத்துட்டு வரல. போர்டப் படிங்களேன். பெரியதாழையா? எப்ப எடுக்கானாம்? இப்பவேயா?

ஒரு நிமிஷம் எந்திரிங்க அண்ணாச்சி, கால ஒதுக்குங்க. இந்தப் பைய மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இல்ல, பைய எடுத்துக்கிட்டே போறேன். போனா அரை மணி நேரந்தான். வீட்ல ரெண்டு பேரும் இருப்பாங்க. 'ஏம்மா, நீ கேட்டல்லா, அதுக்கு'ன்னு… எப்படி ஆரம்பிக்க? வாசல்லயே சொல்லிரணுமா, ஒக்காந்து சொல்லணுமா? ஜெனோவாவையும் வச்சுக்கிட்டா?

விசில் குடுத்துட்டான்.

ஓடுனாப் பிடிக்கலாம்தான். இந்த முட்டு வலியோட எங்க ஓட?

போயிட்டான்.

ஒக்காருங்க, ஒக்காருங்க. அடுத்த மாசி வரும்லா. பூசைக்கு எப்படியும் வருவேன். இந்தப் பதினேழு வருஷத்துல ஒரு வருஷம் நான் தவறுனது கெடையாது அண்ணாச்சி. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.